ஜீப் வராத மலை

என் தம்பி ரிஃபாய் நான் போட்ட நிபந்தனைக்கு உடனே தலையாட்டினான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிப்பி மாலைக்கு நான் சொல்லும் முதல் விலைக்கே யாராவது சரி என்றால், அன்று முழுக்க எனக்கு வயிறு எரியும்.

"மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. நாப்பத்தாறு வயசுல உங்களுக்கு எதுக்கு வியாபாரம், ராத்தா?" என்று இரண்டு வருஷமாக நச்சரித்தான். ஒரு வாடிக்கையாளர் கொடுத்த நோட்டீஸை அவன் முன்னால் வைத்தேன். திண்டுக்கல் பக்கம் ஒரு செங்குத்து மலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டப் போட்டி. முடித்துவிட்டால் வாப்பா விட்டுப்போன சங்குக் கடையில் என் நாற்காலி எனக்கே. முடிக்காவிட்டால் அவனுக்கு, நான் வீட்டில் உட்கார வேண்டும்.

"சரி ராத்தா. ஆனா மலைக்கு எங்கன போவீங்க? இராமேஸ்வரத்துல உசரமா இருக்குறது கோபுரமும் மீன் வெலையும்தான்."

கடைக்கு மேலே ஐந்து மாடி லாட்ஜ். மானேஜர் யோகேஸ்வரனிடம் பேசி, தினமும் காலையில் இருபது தடவை படியேறினேன். இறங்கினால் முட்டி வலித்தது. லிப்ட் இருக்க அந்த வலி எதற்கு? இரண்டு மாதத்தில் மூச்சிரைப்பு போன இடம் தெரியவில்லை.

போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அமைப்பாளருக்குப் போன் போட்டேன். "தம்பி, உச்சியிலேருந்து கூட்டிவர ஜீப் உண்டா?"

"ஜீப்பா? மேடம், போட்டி முடியுறதே அடிவாரத்துலதான். ஒரு கிலோமீட்டர் ஏறணும், ஒரு கிலோமீட்டர் இறங்கணும். மழை வேற பெஞ்சிருக்கு, வழுக்கும்."

பக்கத்தில் நின்ற ரிஃபாயைப் பார்த்தேன். "ஏலே, உனக்குத் தெரியுமா?"

"நோட்டீஸ்லயே போட்டிருக்கே. நீங்க வாசிக்கலையா?"

சரக்கு மூட்டையில் ஒரு சங்கு குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவள், நோட்டீஸில் தூரத்தையும் தேதியையும் மட்டும் பார்த்திருக்கிறேன். மேடே இல்லாத ஊர்க்காரிக்கு மலை என்றால் ஏறுவது. இறங்குவதும் ஒரு வேலை என்று தோன்றுமா?

"பேரை வாபஸ் வாங்குங்க ராத்தா. வாரத்துல ரெண்டு நாள் கடையில வந்து உட்காருங்க." முகத்தில் அப்படியொரு பெருந்தன்மை.

பேரம் பேசியே வளர்ந்த நான் அன்று பேரம் பேசவில்லை. "ஓடத்தான் போறேன்" என்றேன்.

மறுநாள் லிப்ட் பக்கமே போகவில்லை. தீர்த்தமாடிவிட்டுச் சொட்டச் சொட்ட வந்த யாத்திரிகர்கள் படியெல்லாம் நனைத்திருந்தார்கள். ஓடி இறங்கியவள் நாலாவது மாடியில் வழுக்கி, இடுப்பு அதிர உட்கார்ந்தேன்.

யோகேஸ்வரன் மாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "மஜீதாக்கா, தொடச்சிடுறேன். காஞ்சதும் ஓடுங்க."

"தொடைக்காதீங்க. மலையை எனக்கு யாரு தொடச்சு வைப்பா?"

அதன்பிறகு ஈரமான நேரம் பார்த்தே இறங்கினேன். பயந்து பின்னால் சாய்ந்தால் விழுகிறேன்; முன்னால் சாய்ந்து சின்னச் சின்ன எட்டாக வைத்தால் கால் பிடிக்கிறது. இதைக் கற்றுக்கொள்ள முழங்கை இரண்டும் தோலுரிந்தன.

ஏழாம் நாள். ஐந்தாவது மாடியிலிருந்து பாய்ந்து வருகிறேன், இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரிஃபாய் கையை விரித்து நிற்கிறான்.

"ராத்தா, வாரத்துல நாலு நாள்னு வச்சுக்கங்க!"

"ஒதுங்குலே! எனக்கு இறங்க வந்துருச்சு, நிறுத்தத்தான் இன்னும் வரல!"

சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் வெள்ளைச் சட்டையில் ஈரம் தெறிக்க, அடுத்த படிவரிசையில் கால் வைத்தேன்.