பின்னறைச் சாம்பல்

திறப்பின்போது இருந்தவர்கள்:
தொல்பொருள் ஆய்வாளர் இன்ஸாஃப்.
காவல் ஏட்டு ஹம்தான்.
பிரமிடு காவலாளி பஸ்தாவி, இரவு முறை.
ஊர்ச் சாட்சி: அவதல்லா, ரொட்டி சுடுபவர்.

இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தோண்டி எடுத்தவற்றை வைத்திருக்கும் கிடங்கின் ஈய முத்திரையை உடைக்கலாம். நாலாவது பெயர் பஸ்தாவி செய்த ஏற்பாடு. அவதல்லா அவன் அண்ணன்.

எட்டு மாதமாக அண்ணன் தன் வீட்டுப் பின்னறையில் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மீட்டர் இறங்கி, பிரமிடுக்கு அடியில் போய் ராஜாவின் தங்கத்தை எடுப்பதாகத் திட்டம். போன மாதம் பக்கத்து ஊரில் இப்படி ஒரு குழி சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். பிணங்களை வெளியே எடுக்க மூன்று நாள் ஆனது. காட்டிக்கொடுத்தால் அண்ணனுக்குச் சிறை, வாயை மூடிக்கொண்டிருந்தால் சவக்குழி. சொல்லிச் சொல்லிப் பஸ்தாவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அது மூன்று ஆள் உயரமே உள்ள சின்னப் பிரமிடு. உள்ளே அறை கிடையாது. அடியில் குடைந்து பார்த்த ஆய்வாளர்களுக்கும் ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதைக் கிடங்கில் ஒளித்துவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு. கிடங்கைக் கண்ணால் பார்த்தாலாவது அண்ணனுக்குப் புத்தி வரும் என்று பஸ்தாவி நினைத்தான்.

இன்ஸாஃப் முதல் பெட்டியைத் திறந்தாள். உடைந்த மண்பாண்டங்கள்.

"அவ்வளவுதான். அந்தக் காலத்துல இங்க தானியம் சேத்தாங்க, ரொட்டி சுட்டாங்க. பிரமிடு எதுக்குன்னு எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை. 'இது ராஜாவோட மண்ணு'ன்னு ஊருக்குக் காட்ட வச்சதுன்னு நான் சொல்றேன், கும்பிடறதுக்குன்னு வேற ஆளு சொல்றாரு. கல்லறை இல்லைங்கிறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணு."

அவதல்லா சிரித்தான். "ரொட்டி இருந்தாலே கல்லறைதான் மேடம். வியாழக்கிழமை நாங்க எதுக்கு ரொட்டி தூக்கிட்டு மயானத்துக்குப் போறோம்?"

"அதானே!" என்றான் ஹம்தான். "போன வாரம் என் மாமியா குழிக்கு அம்பது ரொட்டி கொண்டு போனேன். உசுரோட இருந்தப்ப அந்தம்மா எனக்கு ஒண்ணு போட்டதில்ல."

ஒன்றுமில்லை என்று காட்டப் பஸ்தாவி அழைத்துவந்தால் அண்ணனுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. நாளைக்கே இன்னும் இரண்டு மீட்டர் இறங்குவான்.

அவதல்லா ஒரு பாண்டத்தை எடுத்தான். தொழில் பழக்கம், கை சும்மா இருக்காது. உள்ளே முஷ்டியை விட்டான், சுவரைத் தட்டினான், கரிந்த விளிம்பை மோந்தான். சிரிப்பு போய்விட்டது.

"இது ரொட்டி சுடுற அச்சாச்சே. ஏன் எல்லாம் உடைஞ்சிருக்கு?"

"ரொட்டியை எடுக்க உடைப்பாங்க."

"எத்தனை பெட்டி?"

"நாப்பத்தொண்ணு."

அவன் அச்சைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். "மயானத்துக்கு ரொட்டி கொண்டுபோவோம். அடுப்பையும் அச்சையுமா தூக்கிட்டுப் போவோம்? தினமும் சுட்டிருக்கானுங்க. எரநூறு பேருக்காவது இருக்கும். செத்தவனுக்கு இல்ல, பசிச்சவனுக்கு." பிறகு மெதுவாகக் கேட்டான்: "அடுப்பு அகப்பட்டுச்சா மேடம்?"

"பதினோரு வருஷமாத் தேடறேன். எல்லாம் உங்க வீடுகளுக்கு அடியில போயிருக்கும்."

அவதல்லா தன் காலைப் பார்த்தான்.

"எங்க வீட்டுக்குக் கீழ," என்றான் அண்ணன், "ரெண்டு ஆள் ஆழத்துல, ஒரு முழத்துக்குச் சாம்பல். கூடை கூடையா வாய்க்கால்ல கொட்டினேன். அடுப்புச் சாம்பல். எனக்குத் தெரியாதா? தங்கத்துக்கு அவசரம், திரும்பிப் பாக்கல."

ஹம்தான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "கக்கூஸுக்குக் குழி வெட்டினீங்களோ?"

"ஆமா ஏட்டையா, கக்கூஸுக்குத்தான்," என்றான் பஸ்தாவி.

"பன்னிரண்டு மீட்டர்னு ஊரே சொல்லுது. என்னய்யா சாப்பிடறாரு உங்கண்ணன்?"

இன்ஸாஃப் காகிதத்தை எடுத்தாள். "தற்செயலாக் கிடைச்சதை ரெண்டு நாளுக்குள்ள சொன்னா குத்தமில்ல. கிடைச்ச நாள் இன்னைக்கு. குழிக்குள்ள இனி யாரும் இறங்கக் கூடாது. சம்மதமா?"

அவதல்லா கையெழுத்துப் போட்டான்.

மதியம் பின்னறையில் இன்ஸாஃப் குப்புறப் படுத்து, குழியின் சுவரில் டார்ச் அடித்தாள். கறுப்பு வரி பட்டையாகத் தெரிந்தது. "இங்கதான்," என்றாள். முழங்கையெல்லாம் மண்ணாக எழுந்து ஹம்தானோடு வெளியே போனாள். அவதல்லா கயிற்றேணியைத் தானே மேலே இழுத்துச் சுருட்டினான். எட்டு மாத உழைப்பு. சுருட்டிவிட்டுக் கொஞ்சம் நின்றான்.

"டேய், ராஜா இல்லேன்னா நீ இனிமே எதைக் காவல் காக்கறே?"

"அடுப்பை. சம்பளம் அதேதான். வெளியே வாண்ணே."

அவதல்லா வாசலைத் தாண்டினான். பஸ்தாவி அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான்.