மஞ்சள் தடவிய விண்ணப்பம்

“அப்ப அங்கன வாத்தியாருமாரு அடிக்க மாட்டாகளா?”

“காலேஜுல அடிக்கெல்லாம் மாட்டாகண்ணே.”

“பெறகு பிள்ளைக எப்பிடிப் படிக்கும்?”

“தானா படிக்குங்க. இந்தா ஒக்காந்திருக்காரே, இவரு தானா படிச்சு வந்தவருதேன். என்ன மாரிசெல்வம்?”

மாரிசெல்வம் தலையை ஆட்டினான். காலையிலிருந்து அவன் செய்துவந்த வேலை அதுதான். ஞானதுரை ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். இவன் தலையை ஆட்ட வேண்டும். பூம்பூம் மாட்டுக்காவது முதுகில் ஒரு பட்டுத்துணி போடுவார்கள். இவனுக்குக் கல்லூரிச் சீருடையைப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, மே மாத வெயிலில் ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கேள்வி கேட்டவர் ராக்கப்பன். ஓடைப்பட்டியில் இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறவர். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்ததில் சட்டையில் அந்த நெடி இருந்தது. அவர் மகள் யுவராணி பிளஸ் டூவில் ஆயிரத்து அறுபத்தொரு மார்க் எடுத்திருந்தாள். முடிவு வந்த மறுநாளே எந்தப் பள்ளியில் யாருக்கு எவ்வளவு என்று ஞானதுரையின் கையில் பட்டியல் இருந்தது. மதுரைக்குப் பக்கத்தில் பொட்டல்காட்டில் நிற்கும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் அதிகாரி அவர். மாரிசெல்வம் கோம்பைக்காரன், அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

யுவராணியின் அம்மா சுருளியம்மாள் ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை கொண்டுவந்து வைத்திருந்தாள். ஞானதுரை ஒவ்வொன்றாக வாயில் போட்டு உறிஞ்சினார். தோலையும் கொட்டையையும் நாக்கால் தள்ளி விரலில் எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியின் அடியில் தடவினார். வீட்டுக்காரர்கள் பார்க்காத பக்கம், மாரிசெல்வம் பார்க்கிற பக்கம். இவன் பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் தடவினார். இவன் என்ன சொல்லிவிடப் போகிறான்.

“பிள்ளைக்கு என்ன ராசிக்கா?”

“சிம்மம்யா.”

“பாத்தியளா. ஏழரை ஓடுது. அதுக்குத்தேன் இன்னைக்குச் சனிக்கிழமையா வந்தேன். குச்சனூர்ல சனீஸ்வரன் காலடியில வச்சு எடுத்தாந்த விண்ணப்பம். ரெண்டு கையால வாங்கிக்கங்க.”

குச்சனூரில் கார் நின்றது உண்மை. ஞானதுரை இறங்கி டீ குடித்தார். கோயில் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடையில் ஒரு பொட்டலம் மஞ்சளும் குங்குமமும் வாங்கி மாரிசெல்வத்தின் மடியில் போட்டார். பின்சீட்டில் உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் மஞ்சளைக் குழைத்து, நாற்பது விண்ணப்பங்களுக்கு நாலு மூலையிலும் தடவியது இவனுடைய விரல். நெற்றியில் திருநீறு இல்லாமல் இவன் ஒரு பரீட்சைக்கும் போனதில்லை. பத்தாவது தாளைத் தாண்டியதும் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினான். “கார்ல பட்டுறாம,” என்றார் ஞானதுரை.

இப்போது சுருளியம்மாள் அந்தத் தாளை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். மாரிசெல்வம் தன் சுட்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

இதற்கெல்லாம் கூலி ஒரு ஹால் டிக்கெட். ஜனவரியில் விடுதித் தண்ணீர்த் தொட்டியில் ஒரு புறா செத்துக் கிடந்தது. எத்தனை நாளாகக் கிடந்ததென்று யாருக்கும் தெரியாது. இறகு குழாயில் வந்த பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார்கள். ஆறு பேருக்குக் காமாலை. மாரிசெல்வம் நாற்பது நாள் கோம்பையில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு கிடந்தான். திரும்பிப் போனபோது வருகைப்பதிவு குறைகிறது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அவர்கள் தொட்டியில் செத்த புறாவுக்கு இவனுடைய ஒரு வருடம் போக வேண்டும். அழுது பார்த்தான், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டும் பார்த்தான். கடைசியில் ஞானதுரைதான் தோளில் கைபோட்டு வழி சொன்னார்: உங்க ஊர்ப்பக்கம் மூணு அட்மிஷன், திங்கட்கிழமை ஹால் டிக்கெட்.

கோம்பையில் சுருளிராஜன், சின்னமனூரில் ஒருவன் என்று இரண்டு பேர் சேர்ந்தாயிற்று. யுவராணி மூன்றாவது.

“எங்க கணக்கு வாத்தியாரு கவுன்சிலிங் போகச் சொன்னாக,” என்றாள் யுவராணி. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். “கோயம்புத்தூர் கவர்மெண்டு காலேஜே கெடைக்கும்னு சொன்னாக.”

“கெடைக்கும், கெடைக்கும்,” என்றார் ஞானதுரை. “இந்த வருசம் நுழைவுத் தேர்வையே எடுத்துட்டாக. வர்றவன் பூராம் மார்க்கத் தூக்கிட்டு வந்து நிப்பான். ஒனக்குக் கன்னியாகுமரிப் பக்கம் எங்கிட்டாவது ஒண்ணத் தருவாக. அப்பா மாசம் ஒருக்கா வந்து பாக்க முடியுமா? அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஒரிஜினல இன்னைக்குக் குடுத்தா எடம் முடிஞ்சுருச்சு. நிம்மதியாத் தூங்கலாம்.”

ஒரிஜினலைக் கொடுத்தால் கவுன்சிலிங்கே முடிந்தது. அந்தத் தாள் இல்லாமல் அங்கே உள்ளே விடமாட்டார்கள். கல்லூரி அலுவலகத்துப் பீரோவுக்குள் போன மார்க் ஷீட் நாலு வருடம் கழித்துத்தான் வெளியே வரும். இதை ஞானதுரை சொல்லவில்லை. மாரிசெல்வமும் சொல்லவில்லை.

ராக்கப்பன் மகளைப் பார்த்தார், விண்ணப்பத்தின் மஞ்சளைப் பார்த்தார், மாரிசெல்வத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “நம்ம பக்கத்துப் பய படிக்கிற எடம்,” என்று சொல்லியபடி எழுந்து, பெட்டியைத் திறக்க உள்ளே போனார். ஞானதுரையின் செல்போன் அடித்தது. உள்ளே சிக்னல் கிடைக்காமல், “சார், சார், இருங்க சார்,” என்றபடி தெருவுக்குப் போனார். சுருளியம்மாள் டீ போடப் போனாள்.

யுவராணியின் கையில் ஒரு ரோஸ் நிற நோட்டீஸ் இருந்தது. ‘பள்ளியிலிருந்து கல்லூரிக்கு: ஒரு மாணவரின் பத்து அறிவுரைகள்’. மேலே தாளாளரின் படம்.

“இத நீங்கதேன் எழுதுனீகளாண்ணே?”

“ஆமா.”

முதல் வருடம் கல்லூரி மலருக்காக எழுதியது. அப்போது யாரும் எழுதச் சொல்லவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து, தனக்குப் பின்னால் வரப்போகும், முகம் தெரியாத ஒரு ஊர்ப்பையனுக்குக் கடிதம் எழுதுவதுபோல் எழுதினான். அதைப் பிய்த்து எடுத்து, கீழே கல்லூரியின் போன் நம்பரைப் போட்டு, வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். தன் துணியை வேறு ஆள் உடுத்தியிருப்பதைப் பார்ப்பதுபோல் இருந்தது அவனுக்கு. அதுவும் துவைக்காமல்.

“‘முதல் மாதம் அழுகை வரும். வந்தால் அழு. பிறகு முகம் கழுவிவிட்டுச் சாப்பிடப் போ’ன்னு எழுதியிருக்கீகள்ல, அத அஞ்சு தடவ படிச்சேன். ‘இங்கிலீஷ் தெரியாததால் நீ முட்டாள் இல்லை, அதைச் சொல்லிச் சிரிக்கிறவனைப் பார்த்துப் பயப்படாதே’, அதுவும் பிடிச்சுச்சு. எங்க வாத்தியாருக இப்பிடி ஒண்ணுமே சொல்லலண்ணே. நல்லாப் படிங்கன்னுதேன் சொன்னாக.”

“ம்.”

“ஆனா பத்துன்னு போட்டு ஒம்போதுதேன் இருக்கு. நான் எண்ணிப் பாத்தேன்.”

பத்தாவது, விடுதித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடி என்பது. ஞானதுரை அதை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்தார். தலைப்பைத் திருத்த அவருக்குச் சோம்பல்.

“அச்சுல விட்டுப்போச்சு,” என்றான்.

இது ஞானதுரை சொல்லி ஆட்டிய தலை இல்லை. யாரும் திரும்பிப் பார்க்காமல், தானாக, தன் வாயால் சொன்ன பொய். காலையிலிருந்து அந்த ஆளை நினைத்துக் குமட்டிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது தன் நாக்கே வாய்க்குள் வேண்டாத பொருளாகக் கிடந்தது.

ராக்கப்பன் பிளாஸ்டிக் உறையோடு மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தார். பந்தலில் குலை குலையாக மருந்தில் முக்கியெடுத்துத் தோல் உரிந்த விரல்கள். உறையின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். அதற்குள் ஞானதுரையும் திரும்பி வந்துவிட்டார். பேண்ட்டில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். சுருளியம்மாள் டீயோடு வந்து நின்றாள்.

யுவராணி குறுக்கே வந்து, அப்பாவின் கையிலிருந்த உறையின் மேல் கையை வைத்தாள்.

“என்ன ஆத்தா?”

“ஒண்ணுமில்லப்பா.” அவள் மாரிசெல்வத்தைப் பார்த்தாள். “எம் மார்க்க ஊரே பாத்துருச்சு. ஒங்க மார்க் ஷீட்ட ஒருக்கா காமிங்கண்ணே.”

ஞானதுரை சிரித்தார். “அதெல்லாம் ஆபீசுல பத்திரமா இருக்கும்மா.”

“ஒங்களக் கேக்கல சார்.”

அது ஆபீசில் இல்லை. போன பருவத்துத் தாள், அரியர் விண்ணப்பத்தோடு காட்டுவதற்காக வாங்கியது, நாலாக மடிந்து அவன் மடியில் இருந்த பைக்குள்தான் கிடந்தது. ஏழு பாடத்தில் ஐந்து போயிருந்தது. ஞானதுரையின் செருப்பு வந்து அவன் காலை மெதுவாக மிதித்தது. மிதித்தபடியே இருந்தது.

ராக்கப்பனுக்கு மகள் கேட்டதில் தப்பு எதுவும் தெரியவில்லை. முகம்கூட மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அதுவும் சரிதேன். காமிங்க தம்பி, எங்க கண்ணுலயும் படட்டும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பிள்ள வாசிச்சுச் சொல்லும்.”