நர்சம்மாவுக்கு மெமோ வரக்கூடாது

புதன்கிழமை வந்தாலே அன்புச்செல்விக்குத் தலையை வலிக்கும். அன்றுதான் ஊசி நாள். துணை சுகாதார நிலையத்தின் ஒற்றை அறையில் ஒரு குழந்தை அழுதால் போதும், மிச்சக் குழந்தைகளும் கூடச் சேர்ந்துகொள்ளும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். அவளால் பொறுக்க முடியாதது அந்த ஊர்த் தாய்மார் சொல்லும் பதில்தான்.

"போன தடவை ஊசி போட்டப்பறம் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?"

"இல்லைங்க நர்சம்மா. நல்லா இருந்துச்சுங்க."

எல்லாக் குழந்தையும் நல்லா இருந்தது. ஜேடர்பாளையத்தைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களில் ஊசி போட்ட தொடை வீங்கும், உடம்பு சுடும், பிள்ளை விடிய விடியச் சிணுங்கும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ன, இரும்பிலா உடம்பு? வாரா வாரம் 'பக்கவிளைவு இல்லை' என்று மேலே அனுப்பிக்கொண்டிருந்தாள். மேலே இருப்பவர்களுக்கும் அதுதான் இனித்தது. மகளிர் தினத்தன்று மேடையில் ஏற்றிக் கேடயம்கூடக் கொடுத்துவிட்டார்கள். அதை வாங்கி வந்து அலமாரியில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். காய்ச்சலே வராத ஊர் எங்கேயாவது உண்டா?

இந்தப் புதன்கிழமை தலைவலிக்குத் துணையாக வெளியே ஒரு வண்டி வேறு உறுமிக்கொண்டிருந்தது. தீபிகா தன் பெண்குழந்தைக்கு ரெண்டரை மாச ஊசி போட வந்திருந்தாள். அவள் புருஷன் கோகுல்ராஜ் முட்டை லோடு அடிக்கும் வேனை வாசலை ஒட்டி, ரோட்டைப் பார்த்தாற்போல் நிறுத்தியிருந்தான். புகை முழுக்க அறைக்குள் வந்தது.

"உன் வீட்டுக்காரரை வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லு கண்ணு. பச்சப் புள்ளைங்க இருக்கற எடம்."

"ஆஃப் பண்ணுனா பொறவு சட்டுனு ஸ்டார்ட் ஆவாதுங்க நர்சம்மா."

மருந்தை ஏற்றிவிட்டு ஊசியோடு திரும்பிய அன்புச்செல்வி, குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"சட்டுனு எதுக்கு ஸ்டார்ட் ஆகணும்?"

தீபிகா பெஞ்சைப் பார்த்தாள். பெஞ்சின் நடுவில் பேரனோடு உட்கார்ந்திருந்த பூவாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஊரில் ஒரு சங்கதி என்றால் பெண்கள் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அன்புச்செல்வி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வேனின் பின்பக்கம் முட்டை அட்டைகளை ஒதுக்கிவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தது. தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"எதுக்குங்க இது?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குங்க," என்றான் கோகுல்ராஜ், சூதுவாது இல்லாமல். "போன ஊசிக்கு வண்டி கெடைக்காம ரொம்பச் செரமமாப் போச்சுங்க."

அன்புச்செல்வி உள்ளே வந்து பூவாத்தாளின் எதிரே நின்றாள். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. போன மாசம் ஊசி போட்டுக்கொண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே தீபிகாவின் குழந்தைக்கு உதடும் கண்ணும் வீங்கின. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. பூவாத்தாள்தான், நர்சம்மா அடுத்த குழந்தையிடம் குனிந்திருந்த நேரமாய்ப் பார்த்து, துண்டில் சுற்றிப் பின்வாசல் வழியாகத் தூக்கிப்போனாள். யாருடைய பைக்கிலோ வைத்துப் பக்கத்தில் இருக்கும் வேலூருக்குக் கொண்டுபோக, ஒரு தனியார் டாக்டர் கையில் பிழைத்தது. அந்த டாக்டரும் யாருக்கும் சொல்லவில்லை.

"நான் இங்கதானே இருந்தேன்! அதுக்கு மருந்து இந்தப் பெட்டிக்குள்ளயே இருக்குது! எங்கிட்ட எதுக்கு மறைச்சீங்க?"

"உங்களுக்கு மெமோ குடுத்துருவாங்கல்லங்க," என்றாள் பூவாத்தாள். "பழனியம்மா பையனுக்குக் கட்டி வந்தப்ப நீங்க எழுதி அனுப்புனீங்க. விளக்கம் கேட்டு உங்களையே உருட்டி எடுத்தாங்க. இந்தப் படியில உக்காந்து அழுதீங்களே சாமி, எங்களுக்கு மனசே கேக்கலைங்க. இனி இந்த அம்மாளுக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு அன்னிக்கே பேசி வெச்சிட்டோம்."

"பின்ன இன்னிக்கு எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

"வராம போனாலும் உங்களைத்தானுங்களே கேப்பாங்க."

இவர்களைத் திட்டுவதா, கும்பிடுவதா? தன்மேல் வைத்த பாசத்தில் ஒரு உயிரைக் கொண்டுவந்து ஊசி முனையில் கிடத்தியிருக்கிறார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் மருந்து உள்ளே இறங்கியிருக்கும்.

மருந்து ஏற்றிய ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டாள். குழந்தையைப் பெரிய டாக்டரிடம் காட்டாமல் யார் கூப்பிட்டாலும் ஊசிக்குக் கொண்டுவரக் கூடாது என்று தீபிகாவை இரண்டு தரம் சொல்ல வைத்தாள். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"ஒரு மாசம் கழிச்சா? குழந்தை நல்லாத்தானே இருக்கு?" என்றது போன். "இப்ப எழுதுனா அப்பவே ஏன் எழுதலைன்னு கேப்பாங்க. உங்க ஊருக்குக் கேடயம் வேற குடுத்திருக்கு. கொஞ்சம் யோசிச்சுச் செய்யுங்கம்மா."

"யோசிச்சிட்டேங்க மேடம். எழுதறேன்," என்று வைத்தாள்.

எழுத உட்கார்ந்தாள். எதிரே குழந்தை பொக்கை வாயைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. அவ்வளவுதான், அடக்கி வைத்த பயமெல்லாம் பொலபொலவென்று கண்ணில் வந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாத்தியா," என்று பூவாத்தாள் தீபிகாவை அதட்டினாள். "இதுக்குத்தான் சொல்ல வேண்டாமுன்னேன். பாவம், மறுக்கா அழ வெச்சிட்டீங்க."

அன்புச்செல்வி வெடுக்கென்று நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெஞ்சை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள்.

"மெமோ எனக்குத்தானே வரும், வந்துட்டுப் போகட்டும். உங்க புள்ளைங்க மேல சத்தியமாக் கேக்கறேன். வேற யாராச்சும் மறைச்சிருக்கீங்களா? போன ஊசிக்கு யாருக்கு என்ன ஆச்சு?"

தாய்மார் அவளுடைய ஈரக் கண்களைப் பார்த்தார்கள். பிறகு பூவாத்தாளைப் பார்த்தார்கள்.

"எல்லாம் நல்லா இருந்துச்சுங்க நர்சம்மா," என்றது பெஞ்சு மொத்தமும்.