சத்திரத்துப் பயிர்

துரைராசுவை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது நாகம்மாள் சத்திரத்தின் பின்புறம் கணுக்கால் சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். முன்வாசலில் யாரோ இருமுவது கேட்டது. அடுத்து, "பெட்டிய மெதுவா எறக்குப்பா" என்ற குரல். கையிலிருந்த நாற்றுமுடி நழுவிச் சேற்றில் விழுந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் மாறவில்லை. வரப்பில் நின்றுகொண்டு ஆளைக் கூப்பிடுகிற குரல்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டியிருந்த அந்தச் சத்திரம் வவ்வால் அடைந்து கிடந்தது. ஓர் அறக்கட்டளை அதை எடுத்து, இடிக்காமல் பழுது பார்த்து, போக்கிடமில்லாத முதியவர்களுக்குக் குறைந்த வாடகை அறைகளாக மாற்றியிருந்தது. சுவருக்கு சிமெண்ட் இல்லை, பழைய மாதிரியே சுண்ணாம்பும் கடுக்காயும். மின்விசிறிகள் கூரைமேல் இருந்த சோலார் தகடுகளில் ஓடின. மழைத்தண்ணீர் கிணற்றுக்குப் போனது. குளித்த தண்ணீர் சரளைக்கல்லுக்குள் இறங்கி, கல்வாழைப் புதரின் வேரில் ஊறி, பின்புறம் தெளிந்து வந்தது. அப்படி வந்த தண்ணீர் சும்மா மண்ணுக்குள் போவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நாகம்மாள் அங்கே இரண்டு கட்டில் போடுகிற அளவு இடத்தைக் கொத்திச் சேறாக்கினாள். நிர்வாகி ஷமீரா, "நடத்துங்கம்மா" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

துரைராசுவுக்குக் கொடுத்த அறை நாகம்மாளின் அறைக்கு எதிரே, முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

"அந்த ஆளு இங்க இருந்தா நான் இருக்கமாட்டேன்" என்று அன்று சாயங்காலமே ஷமீராவிடம் போய்ச் சொன்னாள்.

"எங்கம்மா போவீங்க?"

ஷமீரா அக்கறையோடுதான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியோடு தன் அறைக்கே திரும்பி நடந்து வந்தது நாகம்மாளுக்கு அவமானமாக இருந்தது.

அவள் புருஷன் மருதையன் துரைராசுவின் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவன். குத்தகைதாரன் என்று தன் பெயரைப் பதிந்து தரும்படி ஒரு தடவை கேட்டான். அந்தத் தை மாசம் நெல் முற்றி நின்றபோது துரைராசு வெளியூர் ஆட்களையும் போலீசையும் கூட்டிவந்து மொத்தத்தையும் அறுத்துக்கொண்டு போனார். மருதையன் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மாசி பிறப்பதற்குள் செத்துப்போனான். மாரடைப்பு என்றார்கள். நாகம்மாள் அப்படிச் சொல்வதில்லை.

பிறகு துரைராசுவின் பிள்ளைகள் அந்த நிலத்தை மனைக்கட்டாகப் பிரித்து விற்றார்கள், வீட்டையும் விற்றார்கள், ஒருவன் சிங்கப்பூருக்கும் இன்னொருவன் பெங்களூருக்கும் போனார்கள். இதெல்லாம் கேள்விப்பட்டபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் தன்னிடமே வந்து சேருவார் என்று நினைக்கவில்லை.

அவர் தினமும் காலையில் வாக்கரை ஊன்றிக்கொண்டு பின்புறம் வந்து நிற்பார்.

"ஏ நாகம்மா, தண்ணிய வடிச்சு விடு. வேரு அழுகுது பாரு."

"என் பேரச் சொல்லாதீங்க."

வாயில் வந்த அந்த 'ங்க'வுக்காக அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் போனபின் குனிந்து பார்த்தாள். வடிக்கத்தான் வேண்டியிருந்தது. அவர் சொன்னதற்காகவே வடிக்காமல் விட்டாள். மறுநாள் தூர் மஞ்சளடித்ததைப் பார்த்துவிட்டு, எதிர் அறைக் கதவு சாத்தியிருக்கும் நேரமாகப் போய் வடித்தாள்.

கதிர் வெளிவந்து பால் பிடித்த சமயம், கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் தருவதற்காக மதிவாணன் என்ற இன்ஜினியர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையில் ஏறி இறங்கினார். பயிரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே செல்போனில் படம் எடுத்தார். நாகம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வரப்பில் நின்றாள்.

"தம்பி" என்று பின்னாலிருந்து துரைராசு கூப்பிட்டார். "குளிச்ச தண்ணியில வெளயிற நெல்ல மனுசன் திங்கலாமா? ஒங்க ரூல்ல எடமிருக்கா?"

மதிவாணன் செல்போனைப் பையில் போட்டார். அவர் முகம் சுண்டியது.

"ஐயா சொல்றது சரிதாம்மா. இந்தத் தண்ணி பூச்செடிக்கும் புல்லுக்கும் மட்டுந்தான். இத எடுத்துருங்க."

"அறுப்பு வரைக்கும் விடக்கூடாதா சார்?" என்றாள் ஷமீரா.

"நாளைக்குள்ள எடுக்கலைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. சான்றிதழ் இல்லன்னா மானியம் நின்னுடும். அப்பறம் இவங்க எல்லாருக்கும் வாடகைய ஏத்தணும்."

வேடிக்கை பார்த்த மற்ற முதியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாகம்மாள் துரைராசுவின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"ஒங்களுக்கு இதுல என்ன கெடச்சுது?"

"அது ஒன் நெலமில்ல. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

சொல்லிவிட்டு வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு வந்த ஆளை நாகம்மாள் உள்ளே விடவில்லை. "யாரும் கை வைக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, தானே சேற்றில் இறங்கி ஒவ்வொரு தூராக வேரோடு பிடுங்கினாள். பிடுங்கியதை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, குப்பைக்குழியைத் தாண்டி முற்றத்துக்கு நடந்தாள். துடைத்து வைத்த தரையெல்லாம் சேறு சொட்டியது. பக்கத்து அறை சைத்தூன் பீவி தஸ்பீக் மணிமாலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்கவில்லை. "குடுடி, பாதிய நான் தூக்குறேன்" என்றாள்.

இரண்டு பேருமாகப் பயிர் முழுவதையும் துரைராசுவின் வாசலில் முழங்கால் உயரத்துக்குக் குவித்தார்கள்.

காப்பிக்கு மணி அடித்ததும் அவர் கதவைத் திறந்தார்.

"யாரு இத இங்க போட்டது? எடுங்க!"

முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலுவலக அறையிலிருந்து வந்த ஷமீரா பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"மிதிச்சுக்கிட்டு வாய்யா" என்றாள் நாகம்மாள். "ஒனக்கு என்ன புதுசா?"

அவர் வாக்கரைத் தூக்கிக் குவியல்மேல் வைத்துப் பாரத்தைச் சாய்த்தார். அது ஈர நெல்தாளில் புதைந்து ஒரு பக்கம் சரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். வாக்கரின் ரப்பர் கால் அழுத்திய இடத்தில் இளங்கதிர்கள் நசுங்கி, வெள்ளைவெள்ளையாகப் பால் கசிந்து, நிலைப்படியிலிருந்து முற்றத்துப் பக்கம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.