ஒரு மெசின் கேட்டுப் போனவள்

...ஆனால் கேட்டது மெசின்தானே, கட்டிலுக்கு மேலே சீலிங்கில் பூட்டுகிற, ஆளை அப்படியே தூக்கிக் கதிரையில் இறக்கிவிடுகிற மெசின், அதைத்தானே கேட்டாள், அதற்கு ஏன் அந்த டாக்டர்ப் பிள்ளை திடீரென்று குரலைத் தாழ்த்தினாள், கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டாள்... கஜந்தி மனதுக்குள் திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே போய் நின்றாள். மினிபஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அவர்கள் வீடு இருக்கிற லாசால் பக்கம் திரும்பியது. அவளுடைய சக்கர நாற்காலியை டிரைவர் பெல்ட்டுகளால் தரையோடு இறுக்கிக் கட்டியிருந்தான். பின் சீற்றில் குலேந்திரன் இருந்தான். கழுத்து திரும்பாது, ஆகவே புருசனின் முகம் தெரியாது, ஜக்கெற் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதுகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்க்கிறான். நோகுது போல.

அந்த முதுகுக்காகத்தானே போனது. மகள் தக்‌ஷினி கார்டெரிக்கு, அதுதான் குழந்தைகள் காப்பகத்துக்கு, போன காலத்தில் இவளுக்குத் தொடங்கிய வியாதி, முதலில் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது, பிறகு படியில் கால் மடங்கியது, நரம்புக்கு மேலே இருக்கிற உறை கரைகிறதாம், கரைந்து கரைந்து இப்போது அவளுக்கென்று மிஞ்சியது வலது கையில் இரண்டு விரலும் தலையும் வாயும். வாய் நல்லா வேலை செய்யுது என்று தக்‌ஷினி சொல்லுவாள், வர வர அவளுக்கும் வாய் கூடிவிட்டது. காலையில் குலேந்திரன் முழங்காலுக்குக் கீழே ஒரு கை, முதுகுக்குப் பின்னால் ஒரு கை வைத்துத் தூக்குவான், தூக்கும்போது மூச்சை அடக்குவான், அவளும் அடக்குவாள், அடக்கினால் பாரம் குறையும் என்பது போல. போன கிழமை வேலை செய்கிற புவாண்ட்-கிளேர் வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கக் குனிந்த மனுசன் நிமிர முடியாமல் நின்றானாம், இவளிடம் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுகிறவன் மாதிரி நிலத்தில் இருந்துகொண்டே இருந்தான். சப்பாத்துக் கழற்ற இவ்வளவு நேரமா? அவளுக்குத் தெரியாதா?

இன்றைக்கு சுப்பர்வைசரோடு போனில் கதைக்க அவன் வெளியே போன நேரம் பார்த்துத்தான் அந்த டாக்டர்ப் பிள்ளை சொன்னாள். மெசினுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள், எப்ப கிடைக்கும் என்று சொல்ல ஏலாது, வீட்டுக்கு உதவிக்கு ஆள் அனுப்பவும் ஆள் இல்லை... சொல்லிவிட்டு கஜந்தியின் இடது கையைத் தடவினாள், உணர்வில்லாத கை அது, பார்த்ததால்தான் தடவுவது தெரிந்தது. எல்லாம் தாங்க முடியாமல் இருந்தால், மதாம், வேறு ஒரு வழியும் உங்களுக்கு இருக்குத் தெரியும்தானே, எய்ட் மெடிகால் அ மூரீர். முன்பு வேலை செய்த ஹோட்டல் லோன்றியில் பொறுக்கிய பிரெஞ்சு, ஒவ்வொரு சொல்லாகக் கூட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. எய்ட் உதவி. மெடிகால் வைத்தியம். மூரீர்... சாகிறது, டாக்டர்மாரே சட்டப்படி ஊசி போட்டு. கூட்டி முடிந்ததும் நெஞ்சு அடைத்ததா? இல்லையே. வீட்டில் சிங்குக்குள் போட்டுவிட்டு வந்த கணவாய் இந்நேரம் ஐஸ் கரைந்திருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது, மிளகு எவ்வளவு போடுவது என்று பக்கத்தில் இருந்து சொல்லாவிட்டால் குலேந்திரன் அதைக் கெடுத்துவிடுவான். அதன் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறியது. நல்ல பிள்ளை, முகத்தில் இரக்கம் வழிந்தது, திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். மெத்ரோ ஸ்ரேசனில் ஒட்டியிருக்கிறார்களே, சாக வேண்டும் போல் இருந்தால் இந்த நம்பருக்கு எடுங்கள், நாங்கள் இருக்கிறோம் என்று... அது நடக்கிறவர்களுக்கோ? நடக்கிறவன் சாகப்போகிறேன் என்றால் ஓடிவந்து பிடிக்கிறார்கள், நான் சொல்லவே இல்லையே, எனக்கு ஏன் கதவைத் திறந்து பிடிக்கிறார்கள்? சொல்லவே இல்லையா? மாதாவே என்னை எடு என்று எத்தனை தரம் கேட்டிருக்கிறாள், உடம்பெல்லாம் நெருப்பாய் எரிகிறபோது, ஓம், கேட்டதுதான், ஆனால் அது மாதாவோடு கதைக்கிற கதை, கோபத்தில் கதைக்கிற கதை, அடுத்த நாள் இரண்டு பேரும் மறந்துவிடுவார்கள். நேற்று லைப்ரரியில் இருந்து வாறன் என்று புளுகிக்கொண்டு தக்‌ஷினி வாசலில் நிற்க, உன்ர தலையில பொப்கோர்ன் இருக்கடி என்று கஜந்தி சொல்ல, மூன்று பேரும் சிரித்துச் சிரித்து, இவளுக்குப் புரையேறி, குலேந்திரன் நெஞ்சைத் தடவிவிட்டு... அதைப் பற்றி அந்த டாக்டர்ப் பிள்ளை ஒன்றும் கேட்கவில்லையே.

சொல்லத்தான் வேண்டும். இவனுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது. "இஞ்சருங்கோ" என்றாள். "என்ன, குளிருதோ?" பின்னாலிருந்து ஒரு கை வந்து கழுத்துச் சால்வையை இழுத்துவிட்டு அப்படியே தோளில் இருந்தது. சொன்னாள். டாக்டர் சொன்னதைச் சொன்னபடியே, தமிழில், தமிழில் சொல்லும்போது அது இன்னும் பச்சையாக இருந்தது. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இப்போது கத்துவான், பஸ்ஸைத் திருப்பச் சொல்வான், டெபனர்க் கடை வாசலில் இவளுடைய நாற்காலி ஏறுகிற சாய்வுப் பாதையை மறித்துக் காரை விட்டவனின் சட்டையைப் பிடித்த மனுசன், என்ன துணிவில உம்மட்டக் கேட்டவள் என்று... பஸ் கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. தண்ணீர் உறைந்து கிடந்தது. ஜக்கெற் உரசவில்லை. பாலம் முடிந்த பிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"நீர் என்ன சொன்னனீர்?"

என்ன சொன்னேன்... பிடித்துக் குலுக்கினாலும் வேறு பதில் வராது, ஏனென்றால் உண்மையில் சொன்னது அதுதான், வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் எதைச் சொல்லி முடித்தாலும் இந்த நாட்டில் அவள் வாய் தன்பாட்டில் சொல்கிற நன்றி. "மெர்சி எண்டன்" என்றாள். அவன் சிரிக்கவில்லை. தோளில் இருந்த கை இருந்தபடியே இருந்தது. பயந்து கேட்டானா? களைத்துப்போய்க் கேட்டானா? சும்மா, வாயில் வந்ததைக் கேட்டானா? முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும், கழுத்து இவ்வளவு திரும்பினால் போதும்... பெல்ட்டுகள் கிறீச்சிட்டன. கேட்டதில் பிழையில்லை, யாரும் கேட்பார்கள்தான், ஆனால் என்ன சொன்னனீர் என்று கேட்டால் அதற்கு ஓம், இல்லை என்று இரண்டு பதில் இருக்க வேண்டும் அல்லவா, இன்று காலைவரை அவர்கள் வீட்டில் ஒன்றுதானே இருந்தது...