கன்னம் வைக்கும் இடம்

"உள்ள குண்டு இல்லைன்னு பாத்துட்டியா?"

"பாத்தாச்சு."

"இன்னொருக்கா பாரு."

ஸ்வர்ணலதா ஏர் ரைஃபிளின் குழலை மடக்கி ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள். சின்னக் காசு போல வெளிச்சம் தெரிந்தது. "காலிதான்" என்றாள். கட்டிலில் கண்மூடிக் கிடந்த கனகராஜ் தலையை மெல்ல அசைத்தார். முப்பது வருடமாக அவளுடைய புருஷன். இப்போது போர்வைக்கடியில் அவர் இருப்பதே ஒரு மடிப்பு போலத்தான் தெரிந்தது.

மந்தைவெளியில் இரண்டாவது மாடி வீடு; அவர் கட்டிலை ஹாலிலேயே போட்டிருந்தார்கள். மதிய வெயில் மஞ்சள் திரையைத் தாண்டி உள்ளே வரும்போது வெயிலாக இல்லாமல், பழைய பட்டின் நிறமாக இருந்தது. அந்த அறையில் சில நாட்களாகவே பொழுது சரியாக நகரவில்லை. காலையில் போட்ட ஊசியில் அவர் தூங்குவார், விழிப்பார், பாதி வாக்கியத்தில் எங்கேயோ போய்விட்டு, மீதியைக் கொண்டு திரும்பி வருவார். அவளும் தூங்கி ரொம்ப நாளாகியிருந்தது. சில சமயம் எது அவர் சொன்னது, எது தான் நினைத்துக்கொண்டது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

காலையில் வந்த நர்ஸ் மெஹக், போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆன்ட்டி, கால் ஜில்லுனு ஆயிடுச்சு. அண்ணனை ரொம்ப தூரம் போக வேணாம்னு சொல்லுங்க." மகன் ராகேஷ் ராத்திரி முழுக்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, குளித்து மனைவியை அழைத்துவரத் திருவான்மியூருக்கு அப்போதுதான் கிளம்பியிருந்தான். ஸ்வர்ணலதா போன் செய்தாள். சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் கனகராஜ் கண் திறந்து, "அந்த மவுண்ட்டை எடுத்துட்டு வா. மாட்டிருவோம்" என்றார்.

இப்பவா என்று அவள் கேட்கவில்லை. பீரோவுக்கு மேலிருந்த ரைஃபிளையும், குறிபார்க்க அதன்மேல் மாட்டும் ஸ்கோப் என்ற தொலைநோக்கிக் குழலையும் எடுத்து வந்தாள். கூரியரில் வந்த அட்டைப்பெட்டிக்குள் இரண்டு மவுண்ட்கள் இருந்தன. ஸ்கோப்பைத் துப்பாக்கியின் முதுகில் பிடித்து வைக்கும் கறுப்பு உலோகத் தாங்கிகள். ஒன்று குட்டை, ஒன்று உயரம். இரண்டின் அடிப்பல்லும் துப்பாக்கியின் ஒல்லியான பள்ளத்துக்குப் பொருந்தும்; அகலப் பள்ளத்துக்கானது வந்து ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எத மாட்ட? குட்டைதானே? உங்க கன்னத்துக்கு அதுதான் சரின்னு சொன்னீங்க."

அவர் கையை நீட்டினார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் அவற்றின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தன. அரை மீட்டர் துணியைத் தொட்டே எந்த ஊர் நெசவு என்று சொல்லும் விரல்கள். அவர்களுடைய தி.நகர் துணிக்கடையில் அந்த விரல்களைப் பார்த்துத்தான் வாடிக்கை வந்தது.

"இது" என்று உயரமானதை எடுத்துக் கொடுத்தார்.

"இது உயரமால்ல இருக்கு. நீங்க கன்னத்த வச்சா கண்ணு ஸ்கோப்புக்குக் கீழ நிக்கும்."

"எனக்கு நிக்கும். உனக்குக் கழுத்து குனியாதுல்ல."

ஸ்வர்ணலதா கையில் மவுண்ட்டோடு அப்படியே நின்றாள். கடையில் பில் போட்டுப் போட்டுத் தேய்ந்த கழுத்து. டாக்டர் பட்டை போடச் சொல்லியும் போட்டதில்லை.

"எனக்கெதுக்கு ஸ்கோப்பு?" என்றாள். குரல் சற்று உரத்து வந்தது. "நான் என்ன சுடவா போறேன்? உங்களுக்குத்தான் பார்வை மங்குதுன்னு வாங்குனது. நான் குட்டையவே மாட்டுதேன். நீங்க எந்திரிச்சு உக்காந்த பொறவு சரியா இருக்கும்."

"ஸ்வர்ணா."

"அத மாட்டுதேன்."

குட்டை மவுண்ட்டைப் பள்ளத்தில் செருகி ஆலன் கீயைத் திருகத் தொடங்கினாள். அவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். திருகு பாதி ஏறியதும் அவள் கை நின்றது. கட்டிலில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இருந்த இடத்தில் எலும்பின் நிழல்தான் இருந்தது. அந்தக் கன்னத்துக்கு எந்த உயரமும் சரியில்லை. அது அவளுக்கு நேற்றே தெரியும், போன வாரமே தெரியும்.

திருகைத் திரும்பக் கழற்றினாள்.

"கடற்கரையில பலூன் சுட்டது ஞாபகம் இருக்கா?" என்றார் அவர், ஏதோ அடுத்த அறையிலிருந்து பேசுவது போல.

இருந்தது. கல்யாணமான புதிது. மெரினாவில் பலகை நிறைய பலூன் ஒட்டி வைத்திருந்தான் ஒருவன். கனகராஜ் சுட்டதெல்லாம் பலகையில் பட்டது. சும்மா அவள் கையில் கொடுத்துப் பார்த்தார். அவள் ஒரு வரிசை முழுக்க உடைத்தாள். அடுத்த வரிசைக்குக் குறிவைத்ததும் கடைக்காரன் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது கனகராஜ் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று அவள் பயந்தாள். மறுநாள் கடைக்குப் போனால் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது.

ராகேஷ் வேலைக்குப் போன பிறகு, கடை ஒரு நிலைக்கு வந்த பிறகு, அவர் இந்த ரைஃபிளை வாங்கினார். ஞாயிறுதோறும் கிளப்புக்குப் போனார். மொட்டை மாடியில் அட்டைப்பெட்டிக்குள் ஜாக்கெட் துணிக் கழிவைத் திணித்து அதைச் சுட்டார். கடைசிவரை பெரிதாகக் கைவரவில்லை. "நீ வந்து ஒரு தடவ சுடேன்" என்று மாடிப்படியிலிருந்து கூப்பிடுவார். அடுப்பில் குழம்பு இருக்கும், இல்லாவிட்டால் இருப்பதாகச் சொல்வாள்.

"ஏன் அன்னைக்கே வரலைன்னு கேக்கமாட்டேன்" என்றார் கனகராஜ். "நீ மாட்டு."

உயரமான மவுண்ட் பள்ளத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஸ்கோப்பை அதன் மடியில் கிடத்தி மேல்மூடிகளை வைத்தாள். திருகுகளை இறுக்காமல் பிடிக்க மட்டும் வைத்தாள். துப்பாக்கியைத் தலையணைகளின் மேல் நிறுத்தி, கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தை வைத்தாள். கழுத்து வலிக்கவில்லை. கண் நேராகக் கண்ணாடியின் முன் வந்து நின்றது.

"ஓரம் கருப்பா இருக்கா?"

"இருக்கு."

"பின்னால இழு. முழு வட்டமாத் தெரியுற வரைக்கும்."

ஸ்கோப்பைப் பின்னால் இழுத்தாள். கறுப்பு விலகி விலகி, திடீரென்று வட்டம் முழுசாகத் திறந்தது.

திரையை ஒதுக்கி, பால்கனிக் கம்பியில் அவர் சொன்னபடி ஒரு தையல் நூலைக் கட்டி அதன் நுனியில் பூட்டைத் தொங்கவிட்டிருந்தாள். ஸ்கோப்புக்குள் தெரியும் நெட்டுக்கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடிக்குள் அந்த நூல் கயிறாகத் தெரிந்தது. அதன் பின்னால் கொல்லைத் தென்னையின் தலை இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நூல் நிக்குதா?"

"ஆடுது."

"நிக்கும். அதுக்கு என்ன அவசரம்."

காத்திருந்தாள். பறக்கும் ரயில் எங்கேயோ போகும் சத்தம் கேட்டு அடங்கியது.

"வேற என்ன தெரியுது?" என்றார்.

"தென்ன மரம். பாளை வெடிச்சிருக்கு. ஒரு அணில்பிள்ள உக்காந்திருக்கு. நான் பாக்குறது அதுக்குத் தெரியுமான்னு தெரியல."

"தெரியாது" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. "சொல்லு."

"ஒரு பட்டம் மாட்டியிருக்கு. செவப்பு. வால் மட்டும் ஆடுது. அணில் எந்திரிச்சிருச்சு. மட்டையில ஓடுது. நின்னுருச்சு. திரும்பிப் பாக்குது."

நூல் மெல்ல மெல்ல நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்கோப்பை ஒரு மயிரிழை திருப்பினாள். கோடும் நூலும் ஒன்றாயின.

"நேரா இருக்கு" என்றாள்.

பதில் வரவில்லை.

"என்னங்க. நேரா வந்துருச்சு."

கண்ணை எடுக்கவில்லை. வட்டத்துக்குள் அணில் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் அறையில் இருந்த ஒரு சத்தம், கரகரவென்று ஏறி இறங்கிய ஒரு சின்னச் சத்தம், இப்போது இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் ஆலன் கீயை எடுத்தாள். "குறுக்க குறுக்க முறுக்கணும், ஒரே பக்கமா முறுக்குனா கோணிக்கும்" என்று அவர் சற்றுமுன் சொல்லியிருந்தார். ஒரு மூலை, எதிர் மூலை. கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். எல்லாத் திருகும் இறுகிய பிறகு துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

பிறகுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

ராகேஷ் மனைவியோடு வந்தபோது அவள் போர்வையை நீவி விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கதவருகில் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். "எப்பம்மா?" என்றான். அவன் தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

கீழ்வீட்டில் இஸ்திரி போடும் கபாலிதான் ஐஸ் பெட்டிக்கு ஓடினான். "அண்ணி, கட்டிலை இந்தாண்ட தள்ளிக்கினா பொட்டி ஹால்லயே வச்சிக்கலாம். நீ உக்காரு அண்ணி, நான் கீறேன்ல" என்றான். கனகராஜின் தங்கை தங்கபுஷ்பம் படியேறும்போதே அழத் தொடங்கி, அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டாள். ஸ்வர்ணலதா எல்லோருக்கும் இடம் விட்டு விலகி விலகி, கடைசியில் சுவரோரம் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றாள்.

ராகேஷ் அதைப் பார்த்தான். "ஸ்கோப்பு யாரும்மா மாட்டுனது?"

"நாந்தான். அப்பா சொல்லச் சொல்ல."

அவன் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிக் கன்னத்தை வைத்தான். அப்பாவைப் போலவே தலையை நன்றாகச் சாய்த்து வைப்பவன். "ஒண்ணும் தெரியலையேம்மா. பாதி கருப்பா இருக்கு. சரியா மாட்டலபோல."

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் இன்னொரு முறை முயன்று பார்த்தான். பிறகு அதைக் கொண்டுபோய் பீரோவுக்கு மேல் வைத்தான்.

மறுநாள் காலை எடுத்தார்கள். ஆண்கள் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரம் காய்வதற்குள் தங்கபுஷ்பம், சாமான்களை ஒதுக்கி வைக்கிறேன் என்று கட்டிலடியைத் துழாவினாள். ஏதோ தகர டப்பா கைபட்டுச் சரிந்தது. மூடி திறந்து, ஈயக் குண்டுகள் ஹால் முழுக்கக் கொட்டின. இடுப்பு சிறுத்த, பாவாடை விரித்த மாதிரியான குட்டிக் குண்டுகள். நேராக ஓடத் தெரியாமல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வட்டமடித்தது.

"அய்யோ, பிள்ளைக மிதிக்கப் போகுது" என்று தங்கபுஷ்பம் குனிந்தாள். அழுது களைத்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக முட்டிபோட்டுப் பொறுக்கத் தொடங்கினார்கள். சோபாவுக்கடியில் கையை விட்டாள் மருமகள். யாரோ ஒருத்தி, "கொண்டைக்கடலை மாதிரி எத்தன போகுது பாரேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்வர்ணலதா நடுஹாலில் நின்றாள். ஒன்று அவள் பக்கம் வந்து, சுற்றிச் சுற்றி, வலது பாதத்துக்கடியில் நுழைந்து நின்றது. ஈரத் தரையில் அது ஜில்லென்று இருந்தது.

"அண்ணி, உங்க பக்கம் ஏதாச்சும் கெடக்கா?" என்று தங்கபுஷ்பம் தரையிலிருந்து கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஸ்வர்ணலதா. காலை எடுக்காமல் நின்றாள்.