சாய்த்துப் பார்த்து வாங்கிய வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போனால் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆள் வருவதற்குச் சற்று முன்பே அதைக் கிளப்பி ஓடவிட்டு வைத்திருக்கும் வியாபாரிகள் உண்டு. சூடான எஞ்சின் முதல் உதையிலேயே பற்றிக்கொள்ளும். விடிகாலைக் குளிரில் பற்றுமா என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்? இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். அன்று எல்லாம் கால் உதைதான்.

அதனால் நானும் என் மனைவியும் அந்தக் கொட்டகைக்குப் போனதும், அங்கே நின்ற இரண்டு வண்டிகளின் மேலும் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்தேன். இரண்டும் ஜில்லென்று இருந்தன. யோக்கியமான வியாபாரிதான். பழைய டயர்களின் வாடையும், தகரக் கூரையின் ஓட்டை வழியே தரையில் விழுந்த வெயில் வட்டங்களும் இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. எல்லைகளைக் கடந்து, பாலைவனமும் மலையும் தாண்டி, கண்டத்தின் மறுகோடிக் கடல்வரை சாலை வழியாகவே போவதென்று தீர்மானித்திருந்தோம். அவள் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். புதுப் பொறுப்பு ஏற்பதற்கு முன்னால் நீண்ட விடுப்பு கிடைத்திருந்தது. அதை விட்டால் இருவருக்கும் ஒன்றாக லீவு அமைவது குதிரைக்கொம்பு. நான் ஆயத்த ஆடை ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவன் என்பதால், வண்டி பார்க்கும் வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டேன்.

இரண்டில் ஒன்று பெரியது. இரட்டை சிலிண்டர், கரும்பச்சை டேங்க். பார்த்ததும் மனசு அதில் போய் ஒட்டிக்கொண்டது. மற்றது ஒற்றை சிலிண்டர், சாயம் வெளுத்த சாது.

"தங்கச்சி, நீங்க நிழல்ல உக்காருங்க. நானும் சாரும் பார்த்துக்கறோம்" என்றார் வியாபாரி. அவள் உட்காரவில்லை.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அவளிடம் காட்டினேன். "இது எஞ்சினோட நாக்கு மாதிரி. டாக்டர் நாக்க நீட்டச் சொல்வாரில்ல?"

"எங்க டாக்டர் எலும்பத் தவிர எதையும் பாக்க மாட்டாரு."

"கருப்பா இருந்தா பெட்ரோல் அதிகமாப் போகுது. வெளுத்திருந்தா காத்து அதிகம், சூடேறிடும். இந்த பிஸ்கட் கலர் பாரு, இதான் ஆரோக்கியம்."

இரண்டு வண்டிக்கும் நாக்கு சுத்தம். பெரியதைக் கிளப்பினேன், கொட்டகையே அதிர்ந்தது. சின்னதைக் கிளப்பினேன்.

"சே, தையல் மெஷின் மாதிரி கத்துது."

"அது போடுற சோத்தத்தானே நாம சாப்பிடுறோம்" என்றாள் அவள். வியாபாரி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். அவரிடம் அவள் கேட்டாள்: "அண்ணே, ரெண்டு வண்டியையும் கீழ சாய்க்கலாமா?"

"என்னது? ஓட்டிப் பாக்கறேம்பாங்க, சரி. கீழ தள்ளிப் பாக்கறத இப்பத்தான் தங்கச்சி கேக்கறேன்!"

அவள் என்னைப் பார்த்தாள். "மணல்ல எப்படியும் விழும். நீங்க காய்ச்சல்ல படுத்துட்டா யாரு ஓட்டறது, யாரு தூக்கறது?"

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அண்ணன் வண்டியில் பழகியவள். ஆனால் நான் மனசுக்குள் போட்ட பயணத்தில் அவள் எப்போதும் பின் சீட்டில்தான் இருந்தாள்.

சாக்குகளை விரித்து, பெட்ரோல் குழாயை மூடி, கியரில் போட்டு, சின்ன வண்டியைப் படுக்க வைத்தோம். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டின் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, கைகளால் பிடித்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்தாள். பாரமெல்லாம் தொடையில், முதுகு வளையவே இல்லை. வார்டில் நோயாளிகளைத் தூக்கிப் பழகிய உடம்பு. வண்டி எழுந்து நின்றது.

பெரியது ஒரு சாண் எழுந்து, மறுபடி சாக்கில் படுத்தது. இன்னொரு முறை முயன்றாள். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"நான்தான் இருக்கேன்ல, இத நான் தூக்க மாட்டேனா?"

"நல்லா இருக்கறப்ப தூக்குவீங்க. நல்லா இருக்கறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்." மூச்சு வாங்கினாள். "இதுதான் வேணும்னா வாங்கிக்குங்க. ஆனா நான் வரல. போய் ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க, பாக்கறேன். கோபத்துல சொல்லல."

கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன்.

"பெரிசுக்கு சாயந்திரம் ஒரு ஆள் வர்றாரு சார்" என்று வியாபாரி தொண்டையைச் செருமினார்.

பச்சை டேங்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதற்கு எல்லாமே இரண்டிரண்டு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இரண்டையும் ஒரே மூச்சாக இழுக்கும்படி சரிக்கட்ட வேண்டும். எனக்கு அது வேலையே அல்ல, விளையாட்டு. ஆனால் எனக்கு மட்டும்தான். எங்கள் ஆலையில் எந்த மெஷின் அதிகம் நிற்காது? விலை உயர்ந்ததா? இல்லை. சிக்கிய நூலை, என்னைக் கூப்பிடாமல், தைக்கிறவளே மூடியைத் திறந்து எடுத்துவிட முடிகிற மெஷின்தான். தினமும் கண்ணால் பார்க்கிற விஷயம் அது.

"சின்னதே இருக்கட்டும்ணே" என்றேன்.

வியாபாரி சாவியை என்னிடம் நீட்டினார். இடையில் அவள் கை வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பின் சீட்டில் ஏறினேன். கால் வைக்கும் கட்டை எங்கே என்று தேடவே நேரமாயிற்று.

"உக்காந்தாச்சா?"

"ம்."

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இதோட கிளட்ச் இன்னும் கைக்குப் பழகல."

ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு வண்டி கிளம்பியது. பிறகு பாலைவனம் பார்த்தோம், பனி பார்த்தோம், கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். தனியாக இருக்கும்போது எனக்கு நினைவு வருவது அந்த முதல் சவாரிதான். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. அவள் திரும்பவில்லை. நானும் சொல்லவில்லை.